பச்சை வந்தது

நான் அந்த மருத்துவ இல்லத்தின் படியேறியபோது மணி மூன்று. பட்டப்பகல். வெள்ளைச் சுவரில் பட்ட வெயிலில் கண் கூசியது. பயப்படுவதற்கான நேரமே இல்லை அது. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் எனக்கு இருட்டைக் கண்டு பயமில்லை. வெயிலடிக்கும் பிற்பகல்களைக் கண்டால்தான் பயம்.

மூன்று வருடங்களுக்குப் பிறகு வருகிறேன். எதுவும் மாறவில்லை. நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள், கதவுக்கு ஓர் எண். எழுந்து நடமாட முடியாதவர்களை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். கிருமிநாசினியின் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில், எவ்வளவு கழுவினாலும் போகாத நெடுநாள் படுக்கையின் வாடை. ஏதோ ஓர் அறையில் யாரோ ஒரே சீராக இருமிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நர்ஸ்கள் காகிதத்தில் எழுதுவதில்லை. ஒவ்வோர் அறையிலும் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். நாடி, காய்ச்சல், மூச்சு, சாப்பாடு, அதன் கீழே குறிப்பு எழுத ஒரு பெட்டி. நிரப்பிவிட்டு ‘சேவ்’ பொத்தானைத் தட்டினால் எல்லாம் கீழ்த்தளத்தில் இருக்கும் சர்வருக்குப் போய்ச் சேரும். அந்தச் செயலியை எழுதியவள் நான்.

“வாங்க மேடம். நீங்க பெத்த பிள்ளைக்கு உடம்பு சரியில்லை” என்றார் நிர்வாகி. சிரித்தார். அவர் சிரிப்பில் எப்போதும் ஒரு பங்கு அலுப்பு கலந்திருக்கும். “பதினாலாம் நம்பர் ரூம். பதினோரு நாளா ஒரு பதிவுகூட இல்லை. மத்த ரூம் எல்லாம் ஒழுங்கா வருது. அங்க டியூட்டி பாக்கிற பொண்ணு எழுதிட்டேன், எழுதிட்டேன்னு சாதிக்குது. எழுதினா எங்கம்மா போச்சு, எலி தின்னுடுச்சான்னு கேட்டேன். ரெண்டு மெமோ குடுத்தாச்சு.”

“நான் பார்க்கிறேன் சார்.”

“பாருங்க. செயலியில தப்பு இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, இன்னிக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவேன். போன தடவை குடுத்தீங்களே, அதே மாதிரி.”

போன தடவை.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் மேசையில் இருந்த தண்ணீரை எடுத்து, தாகமே இல்லாமல், முழுவதும் குடித்தேன்.

செயலி புதிதாக வந்த நாட்களில் ‘சேவ்’ தட்டினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சர்வர் பதில் சொல்லும்வரை சுற்றும். அந்தக் கட்டடத்தின் வைஃபைக்கு அது சில சமயம் பத்து விநாடி, பன்னிரண்டு விநாடி. “சுத்திக்கிட்டே இருக்குது, எங்களுக்கே தலை சுத்துது” என்று நர்ஸ்கள் குறைப்பட்டார்கள். வேகமாக ஆக்குங்கள் என்றார் நிர்வாகி. வைஃபையை என்னால் வேகமாக்க முடியாது. ஆகவே நான் ஒன்று செய்தேன். பொத்தானைத் தட்டியதுமே, சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், பச்சை டிக் வரும்படி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சர்வர் வாங்கிக்கொண்டதா இல்லையா என்று செயலி கேட்காது. வாங்கிக்கொள்ளாவிட்டால் யாருக்கும் சொல்லாது.

எல்லோரும் பாராட்டினார்கள். இப்போதுதான் வேகம் என்றார்கள்.

யோசித்துப் பார்த்தால் நான் வீட்டிலும் அப்படித்தான். கணவர் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் சரி என்பேன். மகள் கேட்பதற்குள் ஆகட்டும் என்பேன். கேட்டவர்கள் முகம் மலர்ந்தால் போதும். அதன் பிறகு அது நடந்ததா என்று திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்குள் இருந்த ஒரு கோணலைத்தான் ஐந்து வரியாக எழுதி அந்தச் செயலியில் வைத்திருந்தேன்.

போன தடவை மாட்டிக்கொண்ட நர்ஸை எல்லோரும் ‘நோட்டு சிஸ்டர்’ என்பார்கள். செயலி வந்த பிறகும் எதையும் ஒரு முறை சின்ன நோட்டிலும் எழுதி வைப்பாள். காகிதம் வேண்டாம் என்று நிர்வாகி கண்டித்த பிறகுதான் நிறுத்தினாள். நிறுத்திய மூன்றாம் வாரம் பதினாலாம் அறையில் இருந்தவர் இறந்துபோனார். மாலை நாலு பத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியதை எழுதினேன், டாக்டரைக் கூப்பிட்டேன் என்றாள். டாக்டர் எனக்கு அழைப்பு வரவில்லை என்றார். பதிவில் எதுவும் இல்லை.

விசாரணைக்கு என்னிடம் ஒரு வரி கேட்டார்கள். நான் எழுதினேன்: ‘குறிப்பிட்ட நேரத்தில் அந்த ஊழியரின் கணக்கிலிருந்து எந்தப் பதிவும் சர்வருக்கு வந்து சேரவில்லை.’

அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அதன் சாமர்த்தியம்.

அவளை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அவளுடைய கணக்கை, முப்பத்தொன்றாம் எண், நானே மூடினேன். அடுத்த திங்கட்கிழமை சத்தமில்லாமல் அந்த ஐந்து வரியையும் நீக்கினேன். என்ன மாற்றினாய் என்று கேட்கும் இடத்தில் ‘சிறு திருத்தம்’ என்று போட்டேன். நோட்டு சிஸ்டரை அதன் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த வருடக் கடைசியில், தூங்கப் போனவள் எழுந்திருக்கவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

பதினாலாம் அறையில் இப்போது இருந்தவர் ஓய்வுபெற்ற ரயில் இன்ஜின் டிரைவர். ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“ஆள் வந்தாச்சா? நல்லாப் பாரும்மா” என்றார் டிரைவர் என்னைப் பார்த்து. “இந்தப் பொண்ணு பாவம். எழுதுது, அது அழியுது. நான் சாட்சி சொல்றேன்னா, நீ படுத்த படுக்கை, உன் சாட்சி செல்லாதுங்கிறாங்க.”

“ஐயா, கொஞ்சம் பேசாம இருங்க” என்றாள் அவள். பிறகு என்னிடம் தணிந்த குரலில், “தட்டினா உடனே பச்சை வருது மேடம். ஆனா திரும்பத் திறந்தா காலி” என்றாள்.

“உடனேவா?”

“உடனே.”

உடனே வர வாய்ப்பில்லை. அந்தப் பச்சையை என் கையாலேயே நீக்கியிருந்தேன். இப்போது சர்வர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் சொன்னால்தான் டிக் வரும். அப்போதும் பச்சையில்லை, நீலம். நிறத்தைக்கூட மாற்றியிருந்தேன். அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்காமல்.

குறிப்புப் பெட்டியில் ‘சோதனை’ என்று தட்டினேன். ‘சேவ்’ அழுத்தினேன்.

பச்சை.

விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது. திரையின் வலது மூலையில், நான் மூன்று வருடங்களுக்கு முன்பு வரைந்த அதே டிக். சற்றே கோணலான அதன் வால்கூட அப்படியே.

அவளை வெளியே இருக்கச் சொன்னேன். என் லேப்டாப்பை டேப்லெட்டோடு இணைத்தேன். ஒவ்வொரு முறை ‘சேவ்’ அழுத்தும்போதும் டேப்லெட் சர்வருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எழுதியது, எந்த அறை, என்ன விவரம். சர்வர் அதற்கு ஒரு பதில் போடும். போகும் கடிதத்தையும் வரும் பதிலையும் பிரித்துப் படிக்க வழி இருக்கிறது. படித்தேன்.

நான் தட்டியது ‘சோதனை’.

போனது: ‘மூச்சு வாங்குகிறது.’

ஊழியர் எண் முப்பத்தொன்று.

சர்வரின் பதில்: ‘இப்படி ஓர் ஊழியர் இல்லை. ஏற்க முடியாது.’

என் வேலையில் நான் ஒன்றைக் கற்றிருக்கிறேன். எந்தப் பிழைக்கும் ஒரு காரணம் உண்டு. கிடைக்கவில்லை என்றால் நாம் தேடியது போதவில்லை. ஆகவே தேடினேன். அன்றைக்குப் போகாமல் நின்ற கடிதம் டேப்லெட்டின் நினைவில் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் இந்த டேப்லெட் போன வருடம் வாங்கியது. அதை முழுவதும் அழித்தேன், செயலியைப் புதிதாக ஏற்றினேன். ‘சோதனை.’ பச்சை. ‘மூச்சு வாங்குகிறது.’ டேப்லெட்டை விட்டுவிட்டு என் போனில் திறந்தேன். என் போனிலும் பச்சை. நடைக்குப் போய் நின்று அனுப்பினேன். நீல டிக் வந்தது, ஒழுங்காகச் சேமித்தது. வாசற்படியைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தேன்.

பச்சை.

கடிதம் கொஞ்சம் நீண்டிருந்தது. ‘மூச்சு வாங்குகிறது. உதடு நீலம் பாய்கிறது.’

வெயில் ஜன்னல் வழியே தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அதில் நின்றும் எனக்குக் குளிர்ந்தது. டிரைவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

சுவரில் கடிகாரம் நாலு பத்தைத் தொட்டது.

நான் எதையும் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையும் என் மடியில் இருந்தன.

டேப்லெட்டில் பொத்தான் அமுங்கியது.

பச்சை.

லேப்டாப் திரையில் கடிதம் வரிவரியாக ஏறியது.

‘மூச்சு வாங்குகிறது. உதடு நீலம் பாய்கிறது. டாக்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.’

சர்வர்: ‘இப்படி ஓர் ஊழியர் இல்லை.’

மறுபடி அமுங்கியது.

சர்வர்: ‘இப்படி ஓர் ஊழியர் இல்லை.’

மறுபடி.

மறுபடி.

“வந்துட்டா” என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமல்.

“யாரு?” என்றேன்.

“தினமும் இந்நேரத்துக்கு வர்றவதான். டேப்லெட் பக்கத்துல நின்னு எழுதுவா. ஒரு சம்பளத்துக்கு ரெண்டு பேரான்னு கேட்டுச் சிரிப்பேன், அவ சிரிக்க மாட்டா.” மூடிய கண்ணோடு முகத்தை என் பக்கம் திருப்பினார். “இன்னிக்கு டேப்லெட்டுக்கிட்ட இல்லை. உன் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறா.”

நான் திரும்பவில்லை.

பின்னங்கழுத்தில் ரப்பர் கையுறைக்குள் தூவும் பவுடரின் மணம்.

லேப்டாப்பில் கடைசியாக ஒரு கடிதம் ஏறியது. இதில் நோயாளியைப் பற்றி எதுவும் இல்லை.

‘எழுதினேன். பச்சை வந்தது. பார்த்தேன்.’

நான் நாற்காலியோடு பின்னால் சரிந்த சத்தத்தில் அந்தப் பெண் ஓடி வந்தாள். என்னைத் தூக்க வந்தவள் லேப்டாப் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படிப்பவளைப் போல இரண்டு முறை படித்தாள்.

“முப்பத்தொண்ணு எங்க அக்கா நம்பர்” என்றாள்.

டிரைவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“இங்கதான் வேலைக்கு வரணும்னு பிடிவாதமா வந்தேன் மேடம். இந்த ரூம் டியூட்டியைக் கேட்டு வாங்கிப் பதினோரு நாள் ஆச்சு. அம்மா வேண்டாம்னாங்க. அவ கடைசிவரைக்கும் ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா. சாப்பிடும்போது சொல்லுவா, தலை சீவும்போது சொல்லுவா. பச்சை வந்துச்சுடி, நான் பார்த்தேன்டி. நாங்களே ஒரு நாள் எரிஞ்சு விழுந்தோம். போதும்டி, மறந்துதான் போயிட்ட, ஒத்துக்கோன்னு. அம்மாதான் சொன்னாங்க. நானும் சொன்னேன்.” அவள் அழவில்லை. முகத்தைத் துடைக்கும் பாவனையில் நெற்றியை மட்டும் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு ரிப்போர்ட் எழுதினது நீங்கதானே?”

“ஆமாம்.”

“எங்க அக்கா எழுதினாளா இல்லையா?”

“சர்வருக்கு எந்தப் பதிவும் வந்து சேரலை.”

“வந்து சேர்ந்துச்சான்னு நான் கேக்கலை மேடம். எழுதினாளான்னு கேட்டேன்.”

ஒரே ஒரு சொல்தான். ‘எழுதினாள்.’ ஐந்து எழுத்து. என் வாய்க்குள் அது உருண்டதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரப்போகும் வரிசையும் கூடவே தெரிந்தது: நிர்வாகியின் முகம், விசாரணை, டாக்டர் எடுக்காத போன், ‘சிறு திருத்தம்’ என்று நான் போட்ட தேதி, என் மகளின் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளும் விதம். நான் லேப்டாப்பை மூடினேன்.

“நான் போய்ச் சர்வரைப் பார்க்கணும்” என்றேன்.

அவள் வழிவிட்டாள். மரியாதையோடு, கொஞ்சம் அதிகமாகவே விலகி.

கீழ்த்தளத்தில் எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. முப்பத்தொன்றாம் எண்ணை மறுபடி திறப்பது ஒன்று. ஒரு தட்டல் போதும். அவளுடைய கடிதம் உள்ளே வந்துவிடும். பதினோரு நாட்களாகக் கதவைத் தட்டுகிறவள் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவாள். தேதியும் நேரமுமாகப் பதிவேட்டில் நிற்கும். எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். என்னைத்தான் கேட்பார்கள்.

நான் இன்னொன்றைச் செய்தேன். முப்பத்தொன்றாம் எண் தாங்கி வரும் எதையும், படிக்காமல், பதில் சொல்லாமல், வந்த சுவடே இல்லாமல் தூக்கிப் போடும்படி சர்வருக்கு எழுதி வைத்தேன். எட்டு நிமிட வேலை. மேலே போய்ச் சோதித்தேன். ‘சோதனை’ என்று போட்டால் ‘சோதனை’ என்றே போனது. நீல டிக். அறையில் பவுடர் மணம் இல்லை. டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

நிர்வாகிக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். ‘வைஃபை சிக்னல் கோளாறு. சரிசெய்யப்பட்டது. ஊழியர் மீது தவறில்லை.’

“அடடா. அப்போ அவளை வெச்சே ஓட்டணுமா?” என்று மறுபடி சிரித்தார்.

வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவளுடைய வேலை தப்பியது என்று சொன்னேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

“எனக்கு வேலை இருக்கட்டும் மேடம்” என்றாள். “அவளுக்கு என்ன குடுத்தீங்க?” உள்ளே யாரோ மணி அடித்தார்கள். போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை நான் அந்தச் செயலியைத் திறக்கவில்லை. அன்று மதியம், சாப்பாட்டு மேசையில், பதிவுகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்துவிடலாம் எனத் திறந்தேன். பதினாலாம் அறை ஒழுங்காக இருந்தது. எல்லா அறைகளும் ஒழுங்காக இருந்தன. மொத்தம் இருபது அறைகள்.

இருபதுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

அறை எண் இல்லை. எழுதியவர் யார் என்ற இடம் காலி. நோயாளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர்.

“ஞாயித்துக்கிழமைகூடவா?” என்றார் கணவர். திரையை அவர் பக்கம் திருப்பினேன். “இருபதுக்குக் கீழ என்ன தெரியுது?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் தெரியலையே. இருபதோட முடியுது.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

வரியைத் தட்டித் திறந்தேன். நான் இல்லத்திலிருந்து திரும்பிய மாலையிலிருந்து ஆரம்பித்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ஒன்றுகூடத் தவறாமல். காய்ச்சல் இல்லை. வியாழக்கிழமை இரவு தூக்கம் இரண்டு மணி நேரம், உண்மை. வெள்ளிக்கிழமை குளியலறையில் தலைசுற்றல். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று, பன்னிரண்டு மணிக்கு, நாடி தொண்ணூற்றிரண்டு. நான் கழுத்தில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு.

எல்லாவற்றையும் அழித்தேன். சர்வர் ‘அழிக்கப்பட்டது’ என்றது. பக்கத்தை மறுபடி திறந்தேன். எல்லாம் இருந்தன. எந்த எண்ணிலிருந்து வருகிறது என்று பார்த்தேன். எண்ணே இல்லை. நான் போட்ட தடை முப்பத்தொன்றாம் எண்ணுக்கு மட்டும்தான்.

நோட்டு சிஸ்டர் என்னைப் பற்றி எழுதியதில் ஒரு தவறும் இல்லை. அன்றைக்கு அவள் எழுதியதிலும் இருந்திருக்காது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவளைப் பற்றித்தான் நான் அந்த ஒரு வரியை எழுதியிருந்தேன்.

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். கணவர் தட்டைக் கழுவுகிறார். என் இடது மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு குளிர்ந்த விரல்கள் வந்து அமர்ந்தன. அழுத்தவில்லை. பிடித்து இழுக்கவில்லை. எண்ணுகிற விரல்கள்.

திரையில், அடுத்த நாலு மணி நேரம் ஆவதற்கு முன்பே, புதிதாக ஒரு பதிவு சேர்ந்தது. குறிப்புப் பெட்டியில் இருந்ததை நான் படித்தேன். அதன் பிறகு பழைய பதிவுகளின் குறிப்புகளுக்குப் போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்கு நாட்களாக, எல்லாவற்றிலும் அதே மூன்று வாக்கியங்கள்தான்.

‘விழித்திருக்கிறார். நான் எழுதினேனா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.’